சென்னைக்கு ஓர் ஆற்றுப்படை

இரண்டாம் ஆண்டு மாணவி, இளம் அறிவியல் (விலங்கியல்)

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கும் வயிற்றுப்பாட்டைப் பற்றியவை என்று நான் சொன்னால் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொருவனை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன சோறு கிடைக்கும், இன்னாரிடம் போய் நில் என்று சொல்வதுதான் அந்நூல்களின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன், வேலூரில் புளிச்சோறு, ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று ஊர்வாரியாகச் சாப்பாட்டுக் குறிப்பே இருக்கிறது. பாணன் போய்ச் சேரவேண்டிய கிடங்கில் என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. நாம் சென்னைக்குச் செல்லும் இரயில் அதைத் தாண்டித்தான் போகிறது.

அத்தகைய வழிநூல் ஒன்று நம் கல்லூரி மாணவர்க்கும் தேவை என்பது என் கருத்து. நம்மில் பெரும்பாலோர் வீட்டிற்கு முதல் பட்டதாரிகள். வேலைக்கான அழைப்போ, நேர்முகத் தேர்வோ, சான்றிதழ் சரிபார்ப்போ, மேற்படிப்புக் கலந்தாய்வோ, எதுவானாலும் ஒரு நாள் சென்னைக்குப் போக வேண்டி வருகிறது. அங்கே நமக்குச் சித்தப்பா வீடும் இல்லை, அத்தை வீடும் இல்லை. போய்வந்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தும், "தங்கவும் தின்னவும் ஐயாயிரம் ஆகுமாமே" என்று போகாமலே இருந்துவிட்ட அக்கா ஒருவரை நான் அறிவேன். அந்த ஐயாயிரத்தை அவருக்குச் சொன்னவரும் சென்னையைப் பார்த்தவரல்லர். நான் என் அண்ணனுடன் ஒரு முறையும், அம்மாவின் மருத்துவத்திற்காக இரு முறையும் சென்று, ஒவ்வொரு ரூபாயையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவள். அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதுவதே இக்கட்டுரை.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எந்த லாட்ஜில் தங்குவது என்பதன்று. தங்கவே வேண்டுமா என்பதுதான். தென்மாவட்டங்களிலிருந்து இரவில் புறப்படும் வண்டிகள் பல விடியற்காலையில் எழும்பூர் சேர்கின்றன. நமக்கு வேலை காலை பத்து மணிக்கு. மாலைக்குள் முடிந்துவிட்டால் அன்றிரவே திரும்பும் வண்டியைப் பிடிக்கலாம். இரு இரவும் இரயிலிலேயே கழிகின்றன. இடையில் நமக்குத் தேவை ஒரு குளியல், பையை வைக்க ஓரிடம், இரண்டு வேளைச் சாப்பாடு. இந்த மூன்றுக்காக ஒரு நாள் அறை வாடகை கொடுப்பது வீண். பெரிய நிலையங்களில் பயணிகள் காத்திருக்கும் அறையும், கட்டணக் குளியலறையும், க்ளோக் ரூம் எனப்படும் பொருள் பாதுகாப்பு அறையும் உள்ளன. பாதுகாப்பு அறையில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே ஒரு சிறு பூட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டையும் அங்கே காட்ட வேண்டியிருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். போகவர இரயில் படுக்கைக் கட்டணம் 700 ரூபாய் என வைத்துக்கொள்வோம். குளியலுக்கும் பைக்கும் 100, சாப்பாட்டுக்கு 250, நகருக்குள் போக்குவரத்துக்கு 60. மொத்தம் 1,110. உங்கள் ஊரின் தூரத்திற்கேற்ப முதல் தொகை மாறலாம். எப்படி மாற்றினாலும் ஐயாயிரம் வராது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்பதிவு கிடைக்காமல் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்து, கண்ணெரிச்சலோடு தேர்வு எழுதுவது சிக்கனமாகாது. எழுத்துத் தேர்வானால் முதல் நாளே போய்த் தூங்குவது நல்லது. வெறும் சான்றிதழ் காட்டும் வேலைக்குத் தூக்கம் குறைந்தாலும் பாதகமில்லை. 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு பயணத்திற்கு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது, முன்போல் 120 நாள் இல்லை. அழைப்பு எப்போது வருமென்று தெரியாத நமக்கு இது ஒரு வகையில் நன்மையே. நான்கு மாதம் முன்கூட்டித் திட்டமிடுவோர் இடங்களையெல்லாம் பிடித்துக்கொள்ளும் நிலை சற்றுக் குறைந்திருக்கிறது. இரயில்வே தேர்வு வாரியத் தேர்வுகளுக்குச் செல்லும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பில் கட்டணமில்லாப் பயண வசதி உண்டு. விண்ணப்பிக்கும்போதே அதற்குரிய கட்டத்தில் குறிக்க வேண்டும். விண்ணப்பத்தை அவசரத்தில் நிரப்புவோர் பலர் அந்தக் கட்டத்தைக் கவனிப்பதில்லை.

பேருந்தில் செல்வோர் ஒரு மாற்றத்தை அறிந்துகொள்ள வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டுக்குச் சென்ற காலம் போயிற்று. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து நகரின் நடுப்பகுதி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இறங்கியவுடன் "எங்கேம்மா போகணும்?" என்று கேட்டு வரும் ஆட்டோவில் ஏறினால், ஊரிலிருந்து வந்த பேருந்துக் கட்டணத்தையே இன்னொரு முறை கொடுக்க நேரும். மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, அங்கே மின்சார இரயில் ஏறினால் கடற்கரை வரையிலான எந்த நிலையத்திற்கும் இரயில் கட்டணம் பத்து ரூபாயைத் தாண்டாது. தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார இரயில் 1931 முதல் ஓடுகிறது. சென்னையில் ஏழைக்கு வாய்த்த பெரும் வசதி எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மகளிருக்குத் தனிப் பெட்டியும் உண்டு. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. மெட்ரோ இரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். நல்ல வசதிதான். ஆனால் மின்சார இரயில் போகும் இடத்திற்கு அது தேவையில்லை.

தங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

வேலை எங்கே என்று பார்த்து அறை தேட வேண்டுமே தவிர, அறை எங்கே மலிவு என்று பார்த்துத் தேடக்கூடாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பூங்கா நகரில், கோட்டை இரயில் நிலையத்திற்கு அருகில் உள்ளது. அங்கே வேலையிருப்பவர் வேளச்சேரியில் மலிவாக அறை எடுத்துவிட்டுக் காலையில் ஆட்டோவில் ஓடுவது சிக்கனமாகாது. எழும்பூர் நிலையத்திற்கு எதிரே கென்னட் சந்திலும், சென்ட்ரலுக்கு அருகில் பெரியமேட்டிலும், வால்டாக்ஸ் சாலையிலும் சிறு லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் மேன்சன்கள். அவை ஆடவருக்கு, அதுவும் மாத வாடகைக்கு என்றே ஏற்பட்டவை. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஓர் அறையை இருவர் மூவராகப் பங்கிட்டு வாழ்ந்திருக்கிறார்கள். நம் ஊர் அண்ணன் யாரேனும் அங்கே இருந்தால் ஓரிரவு பாயில் இடம் கிடைக்கும். விருந்தினருக்கென்று சிறு தொகை வாங்கும் மேன்சனும் உண்டு. முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது மரியாதை.

லாட்ஜின் மேசைக்கு முன் நிற்கும்போது நம்மவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "வாடகை எவ்வளவு அண்ணே?" அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று. "செக்-அவுட் எத்தனை மணிக்கு அண்ணே, 24 மணி நேரமா, பகல் 12 மணியா?" என்பதே அது. இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குகிறேன். வாடகை 1,000 ரூபாய் என்று கொள்வோம். நீங்கள் திங்கள் காலை 6 மணிக்கு அறை எடுத்து, செவ்வாய் காலை 6 மணிக்குக் காலி செய்கிறீர்கள். 24 மணி நேரக் கணக்கு உள்ள லாட்ஜில் இது ஒரு நாள், 1,000 ரூபாய். பகல் 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் திங்கள் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாள், அதன்பின் இன்னொரு நாள், ஆக 2,000 ரூபாய் கேட்கக்கூடும். வாடகைப் பலகையில் இரண்டிலும் ஒரே தொகைதான் எழுதியிருக்கும். விடியற்காலை வண்டியில் வந்து இறங்குபவர்கள் நாம் என்பதால் இந்த வேறுபாடு நம்மைத்தான் அதிகம் தாக்குகிறது.

அதன் பிறகு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. அதற்கு முன் 12 ஆக இருந்தது. இன்னும் பழைய விகிதத்தைச் சொல்லி வாங்குவோர் இருந்தால் ரசீது கேட்டால் போதும், பேச்சு மாறிவிடும். முன்பணத்திற்கும் ரசீது வாங்க வேண்டும். அடையாள அட்டையின் மூலத்தைக் காட்டலாம், படி கொடுக்கலாம். மூலத்தையே மேசையில் விட்டுவிட்டு வரக்கூடாது. மறுநாள் சான்றிதழ் சரிபார்ப்பில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரயில் நிலையங்களிலேயே ஓய்வறைகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உறுதி செய்யப்பட்ட பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்தில் பதிவு செய்யலாம். முழுநாள் எடுக்க வேண்டியதில்லை, சில மணி நேரத்திற்கு மட்டும்கூட எடுக்கலாம். பலர் படுக்கும் டார்மிட்டரிப் படுக்கை இன்னும் மலிவு. கிடைப்பது அரிது. ஆகவே பயணச்சீட்டு உறுதியான அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

அறைக்குள் சென்றவுடன் பையைக் கட்டிலின்மேல் வைக்காதீர்கள். இதை விலங்கியல் மாணவி என்ற முறையில் சொல்கிறேன். மெத்தையின் ஓரத் தையலையும், கட்டில் மரம் பொருந்தும் மூலைகளையும் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். கருஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை மூட்டைப்பூச்சியின் எச்சம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் மிகுந்திருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்னும் இனம். இறக்கை இல்லாதது, பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் வெளிவருவது, உணவின்றிப் பல வாரங்கள் தாக்குப்பிடிப்பது. நோய் எதையும் அது பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஆனால் பையின் மடிப்பில் ஏறி நம் ஊர்வரை வரும் ஆற்றல் அதற்கு உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவியருக்குச் சில சொற்கள். பெரியமேட்டில் ஒரு லாட்ஜில் என்னையும் என் பெரியம்மா மகளையும் பார்த்து, "ஆம்பிளை யாரும் கூட வரலையா? அப்போ ரூம் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். சாவிகள் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. இரவு எட்டு மணிக்கு அங்கே நின்று சட்டம் பேச முடியாது. எனவே பகலிலேயே தொலைபேசியில் "பெண்கள் இருவர் மட்டும் வருகிறோம்" என்று தெளிவாகச் சொல்லி, ஒப்புக்கொண்ட இடத்திற்கே செல்ல வேண்டும். பணிபுரியும் மகளிருக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் குறுகிய காலத் தங்கலுக்கு இடம் உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுப் பார்க்கலாம். நிலையங்களில் மகளிர் காத்திருக்கும் அறை இருக்கிறது. 181 என்பது மகளிர் உதவி எண், 139 இரயில்வே உதவி எண். இரண்டையும் கைப்பேசியில் மட்டுமின்றிக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்த கைப்பேசியில் எந்த எண்ணும் இல்லை.

உணவு

சென்னையில் பசியாறுவதற்கு ஆகும் செலவு நம் மாவட்டத் தலைநகரைவிட அதிகம் என்பது தவறான எண்ணம். மிக அதிகமாகவும் செலவழிக்கலாம், மிகக் குறைவாகவும் செலவழிக்கலாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் நடக்கின்றன.

மிகக் குறைவு என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், பகலில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், மாலையில் இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய் என்பது அங்கே வைத்த விலை. நான் உண்டபோதும் அதே விலைதான். மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனை வளாகங்களிலும் உண்டு. அம்மாவை அழைத்துச் சென்றபோது எங்கள் காலை உணவு இருவருக்கும் சேர்ந்து பதினைந்து ரூபாயைத் தாண்டியதில்லை. காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். பிந்திப் போனால் தீர்ந்துவிடும்.

இதை நான் சொன்னபோது என் வகுப்பில் ஒருவர், "அங்கே போய் வரிசையில் நிற்பதா?" என்று கேட்டார். நான் நின்ற வரிசையில் கட்டடத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், நோயாளிக்குத் துணையாக வந்தவர், கழுத்துப்பட்டை அணிந்து மருந்து விற்பனைக்குச் செல்லும் இளைஞர், கையில் கோப்போடு நம்மைப் போன்ற மாணவர் எல்லோரும் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார்கள். உழைப்பவர் உண்ணும் சோற்றுக்கு வெட்கப்படுகிறவர்கள், அந்த வெட்கத்தின் விலை வேளைக்கு எழுபது எண்பது ரூபாய் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

எல்லா வேளையும் அங்கேயே உண்ணவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வேளை நன்றாகச் சாப்பிட வேண்டும், அது பகல் வேளையாக இருக்கட்டும். ஓட்டலில் 'முழுச் சாப்பாடு', 'அளவுச் சாப்பாடு' என இரண்டு விலை இருக்கும். முழுச் சாப்பாட்டில் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள். அளவுச் சாப்பாட்டில் மறுசோறு கேட்டால் தனிக் காசு. நல்ல பசியோடு இருப்பவருக்கு முழுச் சாப்பாடே மலிவு. காலையில் வயிறு நிறைய உண்டுவிட்டுப் பகலில் முழுச் சாப்பாட்டுக்கு அமர்வது பணத்தை இலையில் விட்டு எழுவதாகும். பழைய ஓட்டல்களில் கீழ்த்தளத்தில் சாதாரண அறையும் மாடியில் ஏ.சி. அறையும் இருக்கும். அடுப்பு ஒன்று, சாம்பார் ஒன்று, விலை மட்டும் இரண்டு. வெயிலில் அலைந்து வந்தவருக்கு ஏ.சி. வேண்டும் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து ஏறுங்கள்.

திருவல்லிக்கேணி மேன்சன்வாசிகளை நம்பி வளர்ந்தவை அங்குள்ள மெஸ்கள். அக்பர் சாகிப் தெருவில் உள்ள காசி விநாயகா மெஸ் அவற்றுள் பேர்பெற்றது. முதலில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதே பகுதியில் ரத்னா கபே, இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவதற்குப் பெயர் பெற்றது. மயிலாப்பூரில் வேலையிருந்தால் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் அந்தந்த வட்டாரத்தில் வேலையிருந்தால் மட்டுமே நாடவேண்டும். நாற்பது ரூபாய் டிபனுக்கு நூறு ரூபாய் ஆட்டோவில் போவதற்கு நாம் இதழ்களில் உணவுப் பக்கம் எழுதுபவர்கள் அல்லர்.

தேர்வாணையத்திலோ உயர்நீதிமன்றப் பக்கமோ மாலைவரை இருக்க நேர்ந்தால், கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் அத்தோ கடைகளைப் பார்க்கலாம். இவற்றுக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. பர்மாவில் 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் அங்கே தலைமுறையாக வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறித் திரும்ப நேர்ந்தது. கடையும் வீடும் அங்கே விட்டு வந்தவர்கள் பிழைப்புக்கென ஏற்பட்டது 1969இல் தொடங்கிய பர்மா பஜார். அவர்களோடு வந்த உணவு அத்தோ. மஞ்சள் நிற நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், வறுத்த பூண்டெண்ணெய், நொறுக்கிய தட்டை எல்லாம் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் வரும். முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயம் அடைத்துத் தருவதும் உண்டு. விலை குறைவு, சுவை புதிது. எல்லாம் இழந்து வந்தவர்கள் ஒரு நகரத்துக்குக் கொடுத்த உணவு என்று எண்ணிக்கொண்டு உண்டேன். எனினும் அதில் சமைக்காத கோஸ் இருப்பதால், வேலை முடிந்தபின் உண்ணுங்கள், முதல் நாள் வேண்டாம்.

தேர்வு நாளில் விலையைவிடச் சூட்டைப் பாருங்கள். ஆவி பறக்கும் இட்லி தெருவோரத்தில் விற்றாலும் நம்பலாம். ஆறிப்போன ஃபிரைடு ரைஸைப் பளபளக்கும் கண்ணாடிக் கடையில் விற்றாலும் நம்பக்கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் வெப்பத்திலும் சாகாமல் தப்பிக்கும். வெந்த சோறு பல மணி நேரம் வெளியே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. தேர்வு அறையிலிருந்து பாதியில் எழுந்து ஓட வேண்டியவர் எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தும் பயனில்லை. குடிநீருக்கு வீட்டுப் பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். இரயில் நிலையத்தில் வாங்குவதானால் இரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய், 2025 செப்டம்பரில் 15இலிருந்து குறைத்தார்கள். தேநீருக்கும் பாலுக்கும் ஆவின் பாலகங்கள் உண்டு. விலை எழுதியிருக்கும், பேரம் இல்லை.

பில்லைப் படிக்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஓட்டல் உணவுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. காம்போசிஷன் என்னும் திட்டத்தில் உள்ள சிறு கடைக்காரர்கள் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. தாம் அத்திட்டத்தில் இருப்பதைக் கடையில் எழுதி வைக்கவும் வேண்டும். 'சேவைக் கட்டணம்' என்று இன்னொரு வரி இருந்தால் அது வேறு, அரசுக்குப் போவதன்று. அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. "இதை எடுத்துவிடுங்கள் சார்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். ஆனால் தண்ணீர்ப் பாட்டில் செய்தியில் ஏமாறாதீர்கள். கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்க முடியாது. ஓட்டலில் அமர்ந்து வாங்கினால் அதிகம் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்திருக்கிறது. சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், தம்ளரில் வரும்.

உள்ளே நுழையும் உரிமை

என் அம்மா பெரிய ஓட்டல் வாசலில் நின்று, "நம்மளை உள்ளே விடுவாங்களா பாப்பா?" என்று கேட்டார். கேட்டது காசைப் பற்றி அன்று. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் சிக்கனக் குறிப்பு மட்டும் எழுதுவது முறையாகாது.

இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பெரியாரின் இயக்கம் எதிர்த்துப் போராடியதன் விளைவாகத் தென்னிந்திய இரயில்வேயில் அது 1941இல் நீங்கியது. ஓட்டல் பெயர்ப்பலகைகளில் சாதிப் பெயர் எழுதுவதை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் முன் நடந்த மறியலில் நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். இடையில் 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் ஓட்டல்களுக்குள்ளும் நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. 'பால்' என்ற சொல்லும் அதில் இருப்பதைப் பெரியமேட்டு லாட்ஜ்காரர் படித்திருக்க மாட்டார்.

அம்மாவை அன்று உள்ளே அழைத்துச் சென்றேன். சாதாரண அறைதான். இரண்டு காபி வாங்கிக் குடித்தோம். டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாக இருந்தது என்பது அம்மாவின் தீர்ப்பு.

இடைப்பட்ட நேரம்

காலை ஆறு மணிக்கு இறங்கிவிட்டுப் பத்து மணிவரை என்ன செய்வது, வேலை இரண்டு மணிக்கு முடிந்துவிட்டால் இரவு வண்டிவரை எங்கே இருப்பது என்பது பெரிய கேள்வி. இந்த நேரத்தில்தான் பணம் கரைகிறது. நிழலுக்காக ஒரு கடைக்குள் நுழைந்து ஜூஸ் வாங்குகிறோம், நாற்காலிக்காக ஒரு காபி வாங்குகிறோம். எழும்பூரில் அருங்காட்சியகத்தை ஒட்டி 1896இல் திறந்த கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டது. பறக்கும் இரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கலாம். சொந்தப் புத்தகத்தோடு அமர்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி உண்டு, சிற்றுண்டிச் சாலையும் உண்டு. மின்விசிறி, குடிநீர், கழிவறை, நாற்காலி நான்கும் காசில்லாமல் கிடைக்கும் இடம் அந்த நகரத்தில் நூலகமே. அண்ணனின் சரிபார்ப்பு முடிந்த அன்று நாங்கள் மாலைவரை அங்கேதான் இருந்தோம். எங்கள் பாடத்தில் இவ்வளவு புத்தகங்கள் தமிழிலும் இருக்கின்றன என்று நான் அங்கேதான் கண்டேன்.

இரவு வண்டிக்குப் புறப்படும் முன் நிலையத்திற்கு வெளியிலேயே சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள், வண்டியில் விலை கூடும். தயிர் சாதம் சிறந்தது. புளித்த தயிரில் கிருமிகள் எளிதில் வளர்வதில்லை, வயிற்றுக்கும் இதம். இட்லியானால் பொடி தடவித் தரச் சொல்லுங்கள், சட்னி வேண்டாம், ஒழுகிச் சான்றிதழ்க் கோப்பில் இறங்கும். க்ளோக் ரூமில் பையை எடுக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எழும்பூரிலிருந்து புறப்படுவதாக நாம் நினைக்கும் வண்டிகளில் சில, தாம்பரத்திலிருந்து புறப்படுவதும் உண்டு. பயணச்சீட்டில் ஏறும் நிலையத்தின் பெயரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு நடைமேடைக்குச் செல்லுங்கள்.